கம்மி

ஜே.சி. ரோட்டில் ஃபயாஸ் கடையில்
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குப் புது பல்பு.
எதிர்ச்சுவரில் அடித்துக் காட்டினான்.
சுவர் விரிசலில் போய்க்கொண்டிருந்த எறும்பு
நின்றது. வந்த வழியே திரும்பியது.
"பகல் மாதிரி இல்ல, மேடம்?"
பகல் மாதிரிதான்.

பழைய கண்ணாடியில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது.
எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர் ஒட்டியது.
திருஷ்டிக்கு என்றே நினைத்திருந்தேன்.
"எதிர்ல வர்றவன் கண்ணுல குத்தாம இருக்க வைப்பாங்க.
இப்ப யார் பாக்கறா" என்று
நகத்தால் சுரண்டி
பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

லைசன்ஸ் டெஸ்ட்டில் அந்தக் கேள்விக்குச்
சரியாகத்தான் டிக் அடித்தேன்:
எதிரே வண்டி வந்தால், முன்னால் போகிற வண்டியை நெருங்கினால்,
விளக்கு எரியும் தெருவில்.
மூன்றுக்கும் டிம்.

மகாதேவபுரத்து லேபில்
யார் யாருடைய ரத்தத்தையோ சுழலவிட்டு, எண்ணிவிட்டு
மூன்றரைக்கு வெளியே வருவேன்.
ரிங் ரோட்டில் தெருவிளக்கு உண்டு.
ஹை பீம் தேவையில்லை. போட்டுக்கொண்டுதான் போனேன்.
கக்கதாசபுராவுக்குத் திரும்பினால் இருட்டு.
பள்ளம், குழாய்க்குத் தோண்டிய மண், நடுரோட்டு நாய்,
எனக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்தது.
பைக்கில் வந்த ஒருவன்
முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு கடந்தான்.
கெட்ட வார்த்தை பாதிதான் கேட்டது.

ஏரி வளைவில் அந்தத் தண்ணி லாரி.
ரோட்டையே காணோம்.
நான் இறக்கி ஏற்றினேன், இரண்டு தடவை.
என் பாஷையில் அதற்குக்
"கொஞ்சம் இறக்குங்க" என்று அர்த்தம்.
லாரி பாஷையில்
"நான் வர்றேன், ஒதுங்கு" என்றும் இருக்கலாம்.
இறக்கவில்லை.
அப்படியா என்று நானும் ஏற்றினேன், ஏற்றியபடியே வைத்தேன்.
நியாயம் என் பக்கம் என்கிற தைரியத்தில்
பார்வையில்லாமல் நாற்பதில் போனேன்.

நடுவில் வெள்ளை.
வெள்ளைக்குள்
முதலில் ஒரு துடைப்பம்,
குச்சி குச்சியாக.
பிறகு பச்சைக் கோட்டின் குறுக்கே மின்னும் பட்டை.
கடைசியாக, கண்ணை மறைத்த ஒரு கை.

பிரேக்கில் ஏறி நின்றேன்.
அந்தப் பக்கம் லாரியும்
வயிற்றுத் தண்ணீரைக் குலுக்கிக்கொண்டு நின்றது.

"லைட் கம்மி மாடி!"
இரண்டு பக்கமும் திரும்பித்தான் சொன்னாள்.
கன்னடத்திலும் கம்மி,
தமிழிலும் கம்மி.
புரியவில்லை என்று சொல்ல வழியில்லை.

லாரிதான் முதலில் இறக்கியது.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

இறக்கியதும் தெரிந்தது,
அதற்கு ஒரு பக்க விளக்கு செத்திருந்தது.
ஹை பீமில் மட்டும்தான் இரண்டும் எரியும்.
ஒற்றைக் கண்ணுக்கு மேலே
தலையில் துண்டு கட்டிய ஒரு பையன்,
தூக்கத்தைக் கசக்கிக்கொண்டு.
இத்தனை நேரம் லாரியோடு சண்டை போட்டிருக்கிறேன்.

என் விரல் அதற்கப்புறம்தான் அசைந்தது.
ஒரு டக்.
மரக்கிளைகளிலிருந்து வெளிச்சம் இறங்கி
ரோட்டில் உட்கார்ந்தது.

லாரி ஓரமாக நகர்ந்து போயிற்று,
பின்குழாயிலிருந்து நூலாய்த் தண்ணீர் விட்டபடி.
நானும் கியர் போட்டேன்.
அவள் கையைக் காட்டினாள்: இரு.

டிம் விளக்கு விழுந்த இடத்தில்
அவளுடைய குப்பை இருந்தது.
இளநீர்க் கூடு, பால் கவர், மழையில் ஊறிய புங்க இலை.
அங்கே கம்பத்தில் விளக்கு எரிந்து எத்தனை நாளோ.
அவசரப்படாமல் கூட்டினாள்.
முறத்தில் அள்ளினாள்.
சிந்தியதை மறுபடியும் கூட்டினாள்.
இஞ்சின் ஓட ஓட நான் காத்திருந்தேன்.

முடித்துவிட்டு
பானெட்டில் இரண்டு தட்டு தட்டினாள்,
பஸ் கண்டக்டர் மாதிரி.